சிவப்புப் படை

பல் டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளால் கழுவிப் போக்க முடியாத ஒன்று அந்த வாசனைதான். பல்லைக் குடையும்போது கிளம்பும். முடி கருகினால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை, அதோடு கொஞ்சம் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்தது. வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார், டாக்டரம்மா குனிந்து குடைவார், இவள் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டியிருந்தாலும் வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முதலில் குளியல், அப்புறம்தான் அடுப்படி. வருஷக்கணக்காக அதுதான் வழக்கம்.

தெருவில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. பல்லு அக்கா என்று ஆரம்பித்ததுதான், சொல்லிச் சொல்லித் தேய்ந்து பல்லக்கா ஆகிவிட்டது. "ஏறி உக்காந்தா நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்களா?" என்று புருஷன் கிண்டல் பண்ணுவார்.

புருஷனை எல்லோரும் கடைசல்காரர் என்பார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கடைசல் இயந்திரம் ஒன்று, ஜன்னலோரம் நீள மேஜை, சுவர் பூராவும் உளியும் அரமும். உடைந்த நாற்காலிக் கால், கைத்தடிக்குப் பிடி, அலமாரிக் குமிழ், தொலைந்துபோன சதுரங்கக் காய், எதைக் கேட்டாலும் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்து கொடுத்துவிடுவார். வேலை பார்க்கும்போது ஓயாமல் பேசுகிற மனுஷர். இந்த மரம் எந்தக் கப்பலில் வந்திருக்கும், இந்த நாற்காலியில் எவ்வளவு கனமான ஆள் உட்கார்ந்திருப்பான் என்று ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை வைத்திருப்பார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவள் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். குளித்தாள், துணி மாற்றினாள், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அப்போதும் வாசனை போகவில்லை. கையை முகர்ந்து பார்த்தாள், சோப்பு வாசனைதான். ஈரத் தலைமுடியை இழுத்து முகர்ந்தாள். அதிலும் இல்லை. டம்ளரோடு பட்டறைக் கதவைத் தள்ளினாள். வாசனை முகத்தில் வந்து மோதியது.

"என்னங்க இது வாசனை?"

"என்ன வாசனை? மழைக்கு மரமெல்லாம் ஊறிக் கெடக்கு."

"பல்லு வாசனை வருதுங்க."

"நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ளயே குடியிருந்தா சோத்துலகூட பல்லு வாசனைதான் வரும். டீயக் குடு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். டம்ளரை வாங்க நீட்டிய முன்கையில், முடியெல்லாம் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. மரத்தூள் அவ்வளவு வெள்ளையாக இருக்காது. யோசித்துப் பார்த்தால் அவர் பேசிக்கொண்டே வேலை செய்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை இப்போதுதான் கவனித்தாள்.

மறுநாள் அவர் ஆணி வாங்கக் கடைக்குப் போன நேரம், மேஜைக்கு அடியில் கிடந்த பழைய பலகைகளை நகர்த்தினாள். பின்னால் ஈரத்துணி சுற்றின ஒரு பொட்டலம். தூக்கினாள், கல் மாதிரி கனத்தது. துணியைப் பிரித்தாள்.

அவள் மணிக்கட்டைவிடத் தடிமனாக ஒரு துண்டு. பால் நிறம், அதில் லேசாக மஞ்சள். ஒரு முனையை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அறுத்த முகத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை மாதிரி ஓடின. மறுமுனையில் குழி. உள்ளே போகப் போகக் குறுகி, கூம்பி, ஊசித் துளையாகி முடிந்தது. குழியின் விளிம்பில் கருஞ்சிவப்பாக என்னமோ காய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை ஆயிரம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருப்பாள், அந்தக் குழி என்னவென்று தெரியாதா? நரம்பு ஓடின இடம். ரத்தம் ஓடின இடம். வேரோடு பிடுங்கின பல் இது.

ஆணிப் பையோடு உள்ளே வந்தவர் அவள் மடியில் இருந்ததைப் பார்த்தார். முதலில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"யாரு குடுத்தா?" என்றாள்.

"அத உள்ள வை. ஜன்னல் தொறந்திருக்கு."

"யாரு குடுத்தான்னு கேட்டேன்."

"உன் தம்பிதான்."

அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. தம்பிதான் எல்லாம். அம்மா போனபோது அவனுக்குச் செருப்பு மாட்டத் தெரியாது. ஊட்டி வளர்த்தவள் இவள். பெரியவனாகி, பழைய சாமான் வாங்கி விற்கிறேன் என்று ஊர் ஊராய்த் திரிந்தான். வந்தால் வீடே சிரிக்கும், போனால் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். கடைசல்காரர் அவனைச் சக்கரைவாயன் என்பார். அவன் பேசினால் அவரே கரைந்துவிடுவார்.

கரைந்த கதையைத்தான் அவர் இப்போது சொன்னார். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். உள்ளே பட்டுத்துணி மடிப்புகளில் சதுரங்கக் காய்கள் படுத்திருந்தன.

"இந்தியாவுல, கம்பெனிக்காரன் காலத்துல செஞ்சது. இருநூறு வருஷம் இருக்கும். பாரேன்."

ஒவ்வொன்றாக மேஜையில் நிறுத்தினார். வெள்ளைப் படை மொத்தமும் இருந்தது. உயரத் தொப்பியும் துப்பாக்கியுமாக விறைத்து நின்ற சிப்பாய்கள், முன்னங்காலைத் தூக்கின குதிரைகள், அம்பாரி வைத்த யானை. அது கம்பெனிப் படையாம். எதிரே நிற்க வேண்டியது ராஜாவின் படை. அரக்குச் சிவப்பில் சாயம் ஏற்றினது. அதில் தலைப்பாகைச் சிப்பாய்கள் இரண்டு பேரும் ஒற்றை ஒட்டகமும்தான் மிச்சம். பக்கத்தில் இன்னும் சாயம் ஏறாத புதுக் காய்கள் நாலைந்து.

"வெள்ளக்காரன் இத வாங்கிக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கான். ஆடுறதுக்கு இல்ல. இத வெச்சு ஆடினா துப்பாக்கி ஒடையும், கால் ஒடையும். கண்ணாடிப் பெட்டில வெச்சு, நாங்க அங்க போய் சண்ட போட்டோம்னு வந்தவங்களுக்கெல்லாம் காட்டுறதுக்கு. இதுல ராணி கெடையாது, தெரியுமா? நம்ம பக்கத்து ஆட்டத்துல ராஜாவுக்குப் பக்கத்துல மந்திரிதான். செதுக்கினவன் பேரு எங்கயும் இல்ல. ஆனா இந்த மூக்கப் பாரு. கம்பெனி தொரைக்குக் கிளி மூக்கு. வேணும்னேதான் வெச்சிருக்கான். வாங்கினவனுக்குப் புரிஞ்சிருக்காது."

அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. இத்தனை நாள் பேசாமல் அடக்கி வைத்திருந்த கதை. அவளும் ஒரு நிமிஷம் சொக்கித்தான் போனாள். அந்தக் குதிரையின் மூக்குத் துவாரம்கூட மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

"மொதல்ல ரெண்டே காய்தான் கேட்டான். பழைய தந்தம் கெடக்கு மாமா, ஒடஞ்ச பியானோவுலேருந்து எடுத்ததுன்னான். செஞ்சேன். அப்புறம் இதக் கொண்டாந்து போட்டான். படை முழுசா இருந்தா வெலை எங்கயோ போயிரும், பழைய தந்தத்த விக்கச் சட்டப்படி காகிதம் இருக்கு, அதுக்குள்ள இந்தப் புதுசும் ஒளிஞ்சுக்கும்னு சொன்னான்."

"இது பியானோ இல்லைங்க. இதுல ரத்தம் காஞ்சிருக்கு."

"பாத்தேன்."

"பாத்துட்டுமா அரத்த வெச்சீங்க?"

மேஜை ஓரத்தில் பாதி செதுக்கின காய் ஒன்று நின்றது. தும்பிக்கை வந்துவிட்டது, காது ஒன்று வந்துவிட்டது, உடம்பு இன்னும் கட்டையாக இருந்தது.

"யானப் பல்லுல யானையச் செதுக்குறீங்களே. கை கூசலையா உங்களுக்கு?"

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெட்டியையும் துண்டையும் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது. கடைசல்காரர் போன் செய்தார். "மாப்ள, எனக்கு இது ஒத்து வராது, வந்து எடுத்துட்டுப் போயிரு." மறுபக்கத்தில் தம்பி, "சரி மாமா, ஆள் வருவாங்க" என்றானாம்.

ஆள் வந்தார். மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். அவளுக்கு அன்றைக்கு அரை நாள் வேலை. கதவைத் தட்டினது யாரென்று பார்த்தால், சின்ன உருவம், சலவைச் சட்டை, கையில் மடக்கின நீளக் குடை. செருப்பை வாசலில் கழற்றி ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்தார்.

"சிரமம் குடுக்கறேன், மன்னிச்சுக்கணும். தம்பி அனுப்பினாப்ல. காயெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்."

எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று கடைசல்காரர் பெட்டியைத் திறந்து வைத்தார். குடைக்காரர் உட்கார்ந்தார். குடையைப் பக்கத்து நாற்காலியில் ஆள் உட்கார வைப்பது மாதிரி சாய்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்துப் புதுசாகச் செய்த காய்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தார்.

"நல்ல கைங்க உங்களுக்கு."

"நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே. எடுத்துட்டுப் போயிருங்க."

"முன்னாடி ஒருத்தர் செஞ்சு குடுத்துட்டு இருந்தார். அவருக்கும் இதே மாதிரி கை. அவரும் பாதில வேண்டாம்னார்."

"இப்ப அவர் என்ன பண்றார்?" என்று அவள்தான் கேட்டாள்.

"இப்ப ஒண்ணும் பண்றதில்லம்மா."

சொல்லிவிட்டுக் காயைப் பட்டுத்துணிக்குள் பத்திரமாகப் படுக்க வைத்தார். பெட்டியை மூடி, கடைசல்காரர் பக்கமாகத் தள்ளினார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"நீங்க பஸ்ஸுல டிரைவருக்குப் பின்னாடி சீட்டுலதானேம்மா வருவீங்க? ஜன்னலோரம். அதுல காத்து நேரா மொகத்துல அடிக்கும். சளி புடிச்சுக்கும். பாத்து இருந்துக்குங்க."

அவர் போன பிறகு ரொம்ப நேரம் அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மறுநாள் பஸ்ஸில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் பஸ் பூராவும் குடை. மழைக்காலத்தில் எவன்தான் குடை இல்லாமல் வருவான்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு குடை ஏறியது, ஒரு குடை இறங்கியது. ஆஸ்பத்திரியில் டிரே அவள் கையிலிருந்து நழுவி, கொக்கியும் இடுக்கியும் தரையெல்லாம் சிதறின. "என்ன இன்னிக்கு, உடம்பு சரியில்லையா?" என்றார் டாக்டரம்மா. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பொறுக்கினாள்.

கடைசல்காரர் கருவியைத் தொடவில்லை. பெட்டியைத் தொடவில்லை. தம்பிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தபோது, அவள் போன் அடித்தது.

"அக்கா..."

வாய்க்குள் துணி வைத்துப் பேசுவது மாதிரி குரல் குழறியது.

"எங்கடா இருக்க?"

"தெரியலக்கா. ஒரு ரூம்புல வெச்சிருக்காங்க. பல்ல ஒடச்சுட்டாங்கக்கா. கீழ, வலது பக்கம். மாமாவ அந்த வேலைய முடிச்சுக் குடுக்கச் சொல்லுக்கா. முடிச்சுட்டா விட்டுருவாங்களாம். போலீஸுக்கு மட்டும் போயிராதீங்க. அக்கா, உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

இணைப்பு அறுந்தது. அவள் போனை மேஜையில் வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். குழறின குரல் அவருக்கும் கேட்டிருந்தது. பிய்த்த ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய், கையைக் கழுவி, துண்டால் துடைத்து, பட்டறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ரம்பச் சத்தம் கேட்டது. வாசனை வந்தது.

அன்றையிலிருந்து வீட்டில் அந்த வேலை ஒன்றுதான். ஜன்னலுக்குக் கனத்த போர்வை தொங்கியது. பகலிலும் விளக்கு. மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது, அதுவும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான், ரம்பச் சத்தம் வெளியே கேட்காது. அவர் துண்டை வில்லை வில்லையாக அறுத்து, பென்சிலால் கோடு போட்டு, முதலில் முரட்டு அரம், அப்புறம் பொடி அரம், கடைசியில் ஊசி முனை உளி என்று இறங்கினார். ஈரம் காய்ந்தால் தந்தம் வெடித்துவிடும் என்று அடிக்கடி நனைத்தார். தலைப்பாகை மடிப்பு ஒவ்வொன்றையும் பழைய சிப்பாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்தார். கண் சிவந்து, முதுகு வளைந்து, கை மட்டும் ஆடாமல் நின்றது.

முதல் இரண்டு நாள் அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. டீயையும் அவித்த முட்டையையும் கதவோரம் வைத்துவிட்டு வருவாள். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால், அவர் ஒரு காயைத் துணியால் தேய்த்துக்கொண்டே தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

"இப்படிப் போனா எப்ப முடியும்?"

"மெருகு போடத்தான் நேரம் புடிக்குது. பளபளப்பும் வரணும், புதுசு மாதிரியும் தெரியக் கூடாது."

அவள் வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கைப்பையில் பல்லுக்கு மெருகு போடும் பொடி ஒரு டப்பா இருந்தது. மெத்தென்ற பிரஷ் இரண்டு இருந்தது. டாக்டரம்மாவின் அலமாரியிலிருந்து ஒரு பஞ்சுகூடக் கேட்காமல் எடுத்ததில்லை அதுவரை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். பொடியைக் குழைத்தாள். ஒரு சிப்பாயை எடுத்து, குழந்தைக்குப் பல் தேய்த்துவிடுவது மாதிரி தேய்க்க ஆரம்பித்தாள்.

தேய்க்கத் தேய்க்க முகம் துலங்கியது. கண் இமை, மீசை நுனி, இறுக்கிப் பிடித்த உதடு. நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் மனசுக்குள் சந்தோஷம் குதித்தது. உடனே தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தம்பியின் உடைந்த பல்லை நினைத்துக்கொண்டாள். கீழ்வரிசை, வலது பக்கம். அங்கேதான் சொத்தை என்று போன வருஷம் டாக்டரம்மா குடைந்து அடைத்தார்கள். இவள்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்குதா வலிக்குதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததில் டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

அடுத்த வீட்டில் ஒரு தட்டு விழுந்தால் இருவரும் மூச்சை நிறுத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தபோது, அவள் பாதிக் கதவைத் திறந்து, முழங்கை வரை வெள்ளைப் பொடியோடு நின்றாள்.

"என்ன பல்லக்கா, மாவு பெசையிறியா?"

"ஆமா."

"அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

உப்பைக் கொடுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போலீஸ் வந்தால் என்ன செய்வது, குடைக்காரர் வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு இரண்டு பக்கமும் பயம். எந்தப் பயம் பெரிசு என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

சிவப்புச் சாயம் ஏற்றி, வெளுக்க வைத்து, மறுபடி ஏற்றி, தேய வேண்டிய இடமெல்லாம் கட்டைவிரலாலேயே தேய்த்து, கடைசியில் ராஜாவின் படை மேஜையில் வந்து நின்றது. நடுவில் ராஜா, பக்கத்தில் மந்திரி, இரண்டு ஓரத்திலும் யானை. பழைய ஒட்டகம் எது, புது ஒட்டகம் எது என்று அவளுக்கே தெரியவில்லை. குடைக்காரர் வந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். பெட்டியைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"என் தம்பி?" என்றாள்.

"வந்துருவாப்லம்மா," என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

மறுநாள் மத்தியானம் வந்துவிட்டான். கைக்குட்டையைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டியிருந்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். முதுகைத் தடவினாள், கையைத் தடவினாள், எங்கே அடித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு மறுபடி அழுதாள். கடித்துச் சாப்பிட முடியாதே என்று அரிசியைக் குழைய வேகவைத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"வேற ஒண்ணும் இல்லையாக்கா?"

கடைசல்காரர் தட்டில் காலையில் சுட்ட ரொட்டி ஒன்று விறைத்துப்போய்க் கிடந்தது. தம்பி எட்டி அதை எடுத்தான். பேச்சு சுவாரசியத்தில்தான் எடுத்தான். மொறுக்கென்று கடித்து மென்றான். இந்தப் பக்கம் மென்று, அந்தப் பக்கம் தள்ளி மென்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தாடையைப் பார்த்தாள்.

"வாயத் தொற."

"என்னக்கா?"

"தொறடா."

"அதெல்லாம் ஆறிருச்சுக்கா, நீ வேற..."

அவள் அவன் தாடையைப் பிடித்தாள். எத்தனை முரண்டு பிடிக்கிற குழந்தைகளின் வாயைத் திறந்திருக்கிறாள். கன்னத்தில் எங்கே அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். கைக்குட்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. வீக்கம் இல்லை. கீழ்வரிசை, வலது பக்கம். போன வருஷம் அடைத்த பல் அடைத்தபடியே இருந்தது. எல்லாப் பல்லும் வரிசையாக, ரொட்டித் துணுக்கோடு, அழகாக இருந்தன.

கையை எடுத்தாள். அப்புறம் தம்பி சிரித்தான். சின்னப் பிள்ளையில் திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டால் சிரிப்பானே, அதே சிரிப்பு.

"கோவிச்சுக்காதக்கா. மாமா பாதில கைய விரிச்சுட்டாரு. நான் வேற என்ன பண்றது? யாருக்கு என்ன கெட்டுப்போச்சு சொல்லு. வேலையும் ஆச்சு, நானும் வந்துட்டேன். மாமா கைய அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. அடுத்தது ரெண்டு படையும் முழுசா வேணுமாம். சாமான் நாளைக்கு வந்துரும்."

"சாமான்னா?"

"இது மாதிரிதான். கொஞ்சம் பெரிசு."

கடைசல்காரர் எழுந்துபோய் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தட்டை எடுத்தாள், கழுவினாள், கவிழ்த்து வைத்தாள். "சரிடா, போயிட்டு வா" என்றாள். அவன் நம்பிவிட்டான். அவள் தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனான்.

அவன் தெரு முனை திரும்புகிற வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மிச்சமிருந்த தந்தத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கௌம்புங்க, போலாம்."

"எங்க?"

"இதுக்குன்னு ஆபீஸ் இருக்குல்ல. காட்டு மிருகம் கேஸெல்லாம் பாக்கற ஆபீஸ்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னையத்தான்டி மொதல்ல உள்ள போடுவாங்க. செஞ்ச கை என் கைதான்."

"என் கையும்தான்."

"அந்த ஆளு உன்னைய விடுவானா?"

"விடமாட்டான். இப்ப மட்டும் விட்டா வெச்சிருக்கான்? நாளைக்குச் சாமான் வரும். அப்புறம் இன்னொண்ணு வரும். நீங்க பேசுறதையே நிறுத்திட்டீங்க, அது தெரியுதா உங்களுக்கு? எனக்குப் பயமா இருக்குங்க. நிக்க முடியல, அவ்வளவு பயமா இருக்கு. ஆனா இந்தப் பயத்த வெச்சுத்தான் அவங்க நம்மள வேல வாங்கறாங்க."

ரொம்ப நேரம் அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சாயம் நகக்கண்ணில் ஏறிப்போய் எத்தனை தேய்த்தும் போகவில்லை. பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

துண்டை ஈரத்துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது நிறுத்தத்தில் நீளக் குடையோடு ஒருவன் ஏறி, காலி இடம் இருந்தும் உட்காராமல் அவர்களுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குடை நுனியிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் புருஷனின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். சந்தைக்குப் பக்கத்தில் அவன் இறங்கிப் போய்விட்டான். யாரோ, வேலைக்குப் போகிறவன்.

அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு அதிகாரி உள்ளே கூப்பிட்டார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது எப்படி உங்க கைக்கு வந்தது?"

கடைசல்காரர் தொண்டையைச் செருமினார். "நான்... சந்தையில ஒருத்தன்கிட்ட வாங்கினேங்க. யாருன்னு தெரியாது."

அவளுக்குப் புரிந்தது. அவர் இவளுக்காகப் பொய் சொல்கிறார். இவள் வளர்த்த பிள்ளையை இவள் வாயால் காட்டிக்கொடுக்க வைக்கக் கூடாது என்று பொய் சொல்கிறார்.

"இல்லைங்க," என்றாள். "என் தம்பி கொண்டாந்தான். கூடப் பொறந்தவன். எல்லாத்தையும் நானே சொல்றேன், எழுதிக்குங்க."

சொல்லி முடித்தபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. மெருகுப் பொடி எடுத்ததையும் விடாமல் சொன்னாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கடைசல்காரரை அன்றைக்கே நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். அவர் உள்ளே வேலை செய்கிற மாதிரி பட்டறையில் விளக்கெரிய விட்டு, மறுநாள் இரண்டு பேரை உள்ளே உட்கார வைத்தார்கள். சாமானோடு வந்த தம்பியும் வண்டி ஓட்டினவனும் வாசலிலேயே பிடிபட்டார்கள். வண்டியில் முழுத் தந்தம் இரண்டு இருந்தது. சதுரங்கப் பெட்டியை விமான நிலையத்தில் மடக்கிவிட்டார்கள். கடைசல்காரரைக் கூட்டிப்போய்க் காட்டி, எது உன் வேலை என்று கேட்டார்களாம். ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பழைய சிப்பாயைக் காட்டி, "இவனுக்கு ஒண்ணும் ஆயிராம பாத்துக்குங்க" என்றாராம். அவளைப் பிணையில் விட்டார்கள். டாக்டரம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் குழாயை அவள் கையில் எடுத்துக் கொடுத்தார்.

குடைக்காரர் மட்டும் அகப்படவில்லை. அப்படி ஒரு ஆளை யாருமே பார்த்ததில்லை என்றார்கள்.

புருஷனும் தம்பியும் ஒரே சிறையில்தான் இருந்தார்கள், வேறு வேறு கட்டடத்தில். வாரம் ஒரு நாள் பார்க்கலாம். கடைசல்காரர் இளைத்துப்போயிருந்தார். ஆனால் பேச ஆரம்பித்திருந்தார். சிறைக் கட்டிலின் கால் எந்த மரம், அதைச் செய்தவன் எப்படி ஏமாற்றியிருக்கிறான் என்று கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கதை சொன்னார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

தம்பியைப் பார்க்கவும் ஒவ்வொரு வாரமும் சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவன் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவளும் விடவில்லை. கொடுத்த நேரம் முடிகிற வரை காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு வருவாள். காவலர்கள் அவளைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறின பிறகு, ஒரு வாரம் அவன் வந்தான். மொட்டை அடித்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். பக்கத்தில் யாரோ ஒரு பெண் தன் மகனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல தனியாவா இருக்க?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"கதவ நல்லா பூட்டிக்கக்கா. பஸ்ஸுல போகாத. தெனம் ஒரே வழில வராத."

குடைக்காரரும் இதே மாதிரிதான், அக்கறையாகத்தான் பேசினார். வலைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "யாரு சொல்லச் சொன்னாங்க? மிரட்டுறியாடா என்னைய?" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். உதடு கோணிக்கொண்டது. மூக்கைப் புறங்கையால் துடைத்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"இல்லக்கா. எனக்குப் பயமா இருக்குக்கா. அவங்க உன்னைய ஏதாவது பண்ணிருவாங்களோன்னு நெனச்சாலே தூக்கம் வரலக்கா."

போனில் குழறின குரல் இல்லை இது. இதை அவள் முன்பு ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறாள். அம்மா போன அன்றைக்கு.

"எனக்கும்தாண்டா," என்றாள்.

காவலர் நேரமாகிவிட்டது என்று மணியை அடித்தார். அவன் எழுந்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வாரமும் வருவேன்," என்றாள். "வந்து உக்காரு."